போர்டில் இருந்த 'கம்யூனிட்டி' எங்கே போனது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கே பெரியப்பாவிடமிருந்து போன். "ஏப்பா, பாப்பா சேர்ந்திருக்குற காலேஜ் உருப்படியான காலேஜ்தானா? அவளுக்கு வந்த லெட்டர்ல ஒரு பேரு இருக்கு. அதே காலேஜ்ல முன்னாடி படிச்ச பொண்ணோட சர்ட்டிபிகேட்ல கம்யூனிட்டி காலேஜ்னு இருக்கு. பேரை மாத்திக்கிட்டு ஏமாத்துறானுங்களா?"

பாப்பா என்பது அவருடைய பேத்தி. அமெரிக்காவில், புளோரிடாவில் நர்சிங் படிக்கிறாள். பெரியப்பா இந்தச் சந்தேகத்தை என்னிடம் கேட்பதற்கு முன்பே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார், அங்கே மூன்று பதில்கள் வந்திருந்தன. ஒன்று, "அது இப்போ யுனிவர்சிட்டியா உயர்ந்துடுச்சு, கவலைப்படாதீங்க." இன்னொன்று, "கம்யூனிட்டி காலேஜ்னா நம்ம ஊர் ஐ.டி.ஐ. மாதிரி, டிகிரி எல்லாம் கிடையாது." மூன்றாவது, "நாலு வருஷ டிகிரி கொடுக்க ஆரம்பிச்சா தானாப் பேர் மாறிடும்."

மூன்றுமே தப்பு. ஆனால் மூன்றிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இந்த விஷயத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் வாழும் நம் ஆட்களே பலர் இதில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன், ஊரில் இருக்கும் தாத்தா குழம்புவதில் என்ன அதிசயம்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு நேராக நாலு வருஷப் பல்கலைக்கழகம் ஒரு வழி. அது கட்டுப்படியாகாதவர்கள், மார்க் போதாதவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள், முப்பத்தைந்து வயதில் திரும்பப் படிக்க நினைக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி உண்டு. அதுதான் கம்யூனிட்டி காலேஜ். பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் போதும், பொதுவாக யாரையும் சேர்த்துக்கொள்வார்கள். இதைத் திறந்த கதவுச் சேர்க்கை என்பார்கள். கட்டணமும் பல்கலைக்கழகத்தைவிடக் குறைவு.

இங்கே தரப்படும் வழக்கமான பட்டத்துக்கு அசோசியேட் பட்டம் என்று பெயர். இரண்டு வருஷப் படிப்பு, சுமார் 60 கிரெடிட். கிரெடிட் என்பது படிப்பின் அளவுகோல், ஒரு பாடத்துக்கு வாரம் எத்தனை மணி நேர வகுப்பு என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். முழு இளநிலைப் பட்டத்துக்கு, அதாவது பேச்சலர்ஸ் பட்டத்துக்கு, சுமார் 120 கிரெடிட் வேண்டும். ஆகவே அசோசியேட் பட்டம் என்பது பாதி தூரம். அங்கேயே இறங்கி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, வண்டி மாறி மீதி இரண்டு வருஷத்தைப் பல்கலைக்கழகத்தில் முடிக்கிறவர்களும் உண்டு. புளோரிடாவில் இந்த வண்டி மாற்றத்தைச் சட்டப்படியே ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார்கள், கலைப் பிரிவு அசோசியேட் பட்டம் வாங்கினால் மாநிலப் பல்கலைக்கழகம் ஏதாவது ஒன்றில் இடம் உறுதி. நீங்கள் ஆசைப்பட்ட பல்கலைக்கழகம், ஆசைப்பட்ட பாடம் என்று உறுதி கிடையாது, அதைக் கவனிக்காமல் ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் ஐ.டி.ஐ. என்று சொன்னவர் சொன்னது? வெல்டிங், வாகனப் பழுது மாதிரியான தொழிற்பயிற்சியும் இங்கே உண்டு, அந்த அளவுக்கு மட்டும் சரி. ஆனால் அதே கட்டடத்தில் கால்குலஸும் நடக்கும், நர்சிங்கும் நடக்கும்.

பெயரைப் பற்றி ஒரு சின்ன வரலாறு சொல்லியாக வேண்டும். இந்த வகைக் கல்லூரிகள் ஆரம்பத்தில் ஜூனியர் காலேஜ் என்றுதான் அழைக்கப்பட்டன. இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் ஆறே மாணவர்களோடு தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜைத்தான் நாட்டின் முதல் அரசு ஜூனியர் காலேஜ் என்பார்கள். 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு ஒன்று 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற சொல்லைப் பரப்பியது. 'ஜூனியர்' என்றால் சின்னவன் என்று பொருள்படுகிறதே, 'கம்யூனிட்டி' என்றால் ஊர் மக்களுடையது என்று வரும், அது கௌரவம். ஆக, இன்று கழற்றி எறியப்படும் அந்தச் சொல், ஒரு காலத்தில் கௌரவத்துக்காகவே ஒட்டப்பட்டது!

இதுவரை: கம்யூனிட்டி காலேஜ் என்பது வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த கட்டணத்தில், யாரும் சேரக்கூடிய கல்லூரி. அதன் வழக்கமான பட்டம் இரண்டு வருஷத்து அசோசியேட் பட்டம்.

பெரியப்பாவின் பள்ளிக்கூடம்

இதைப் பெரியப்பாவுக்குப் புரியவைக்க அவருடைய அனுபவமே கைகொடுத்தது. அவர் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தப்பட்டபோது கூடவே இருந்தவர். அப்போது என்ன நடந்தது என்று அவரிடமே கேட்டேன். முதலில் அரசாணை வந்தது. பிறகு பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் வந்தன. ஒன்பதாம் வகுப்பு ஆரம்பித்தார்கள், அடுத்த வருஷம் பத்து. நுழைவாயிலில் இருந்த பெயரை அழித்து, 'உயர்நிலைப் பள்ளி' என்று பெயின்டர் எழுதியது எல்லாம் முடிந்த பிறகுதான், அதுவும் பெயின்டுக்குக் காசு பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்தது.

"போர்டு எழுதினதால பத்தாம் வகுப்பு வந்துச்சா பெரியப்பா?"

"அதெப்படி வரும்? ஜி.ஓ. வந்ததால வந்துச்சு."

அவ்வளவுதான் விஷயம். வகுப்பு நடத்தும் அனுமதி வேறு, போர்டு வேறு. ஆனால் இந்த உவமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது, ஏனென்றால் நம் ஊரில் பள்ளி தரம் உயரும்போது ஒன்று முதல் ஐந்து வரை தனித் தொடக்கப் பள்ளியாகப் பிரிந்துவிடும். கம்யூனிட்டி காலேஜில் கீழ்ப்பகுதி எங்கும் போகாது. இரண்டு வருஷப் படிப்பு அப்படியே இருக்கும், அதன் தலையில் சில பாடங்களுக்கு மட்டும் இன்னொரு மாடி கட்டுவார்கள்.

அந்த மாடி எப்படிக் கட்டப்படுகிறது

புளோரிடாவையே எடுத்துக்கொள்வோம், பாப்பா அங்கே இருப்பதால் மட்டும் அல்ல, இந்தப் பெயர் மாற்ற அலை அங்கேதான் மாநிலம் முழுக்க அடித்தது.

இளநிலைப் பட்டம் தர ஒரு கம்யூனிட்டி காலேஜுக்கு முதலில் மாநிலச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். புளோரிடாவில் அது 2001-இல் நடந்தது. ஆசிரியர், நர்ஸ் பற்றாக்குறை ஒரு பக்கம், வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாதவர்கள் இன்னொரு பக்கம். முதலில் இறங்கியது 1927-இல் தொடங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஜூனியர் காலேஜ். அதே 2001-இல் அதன் பெயரிலிருந்து 'ஜூனியர்' போய் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் காலேஜ் ஆனது, இளநிலை வகுப்புகள் 2002-இல் தொடங்கின. கவனித்தீர்களா, இங்கே போர்டு முதலில் மாறியது, வகுப்பு பிறகு வந்தது. டாலஹாசி கம்யூனிட்டி காலேஜில் கதை தலைகீழ். இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கிச் சில வருஷம் கழித்து, 2024-இல்தான் டாலஹாசி ஸ்டேட் காலேஜ் ஆனது. எது முதலில், எது பின்னால் என்பதற்கு நிரந்தர வரிசை கிடையாது, 'தானாக' மாறுவதும் கிடையாது.

மாநிலம் சரி சொன்னால் மட்டும் போதாது. அமெரிக்காவில் அக்ரெடிடேஷன் என்று ஒன்று உண்டு, தர அங்கீகாரம். நம் ஊர்க் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு கொடுக்கும் கிரேடோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், நாக் கிரேடு குறைந்தால் கல்லூரி மூடிவிடாது. அங்கே அங்கீகாரம் இல்லை என்றால் மாணவருக்கு மத்திய அரசின் கல்வி உதவிப்பணம் வராது, வாங்கிய கிரெடிட்டை மற்ற கல்லூரிகள் ஏற்பது கஷ்டம், நடைமுறையில் கடை மூட வேண்டியதுதான். இதை அரசு நேரடியாகத் தருவதில்லை, தனி அமைப்புகள் தருகின்றன. புளோரிடாவின் அரசுக் கல்லூரிகளுக்குப் பல காலமாக இதைச் செய்துவந்தது சாக்ஸ்காக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென் மாநிலங்களின் ஆணையம். அது கல்லூரிகளைப் படிநிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அசோசியேட் பட்டம் வரை தரும் கல்லூரி முதல் நிலை, இளநிலைப் பட்டம் வரை தரும் கல்லூரி இரண்டாம் நிலை. முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போக வேண்டுமானால் தகுந்த ஆசிரியர் இருக்கிறார்களா, நூலகம் போதுமா, பணம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இதுதான் பெரியப்பாவின் 'பட்டதாரி ஆசிரியர் பணியிடம்'.

இதற்கு நடுவில் பக்கத்துப் பல்கலைக்கழகங்களையும் கேட்பார்கள். நாங்கள் ஏற்கெனவே நடத்தும் படிப்பை நீங்கள் ஏன் நடத்த வேண்டும் என்று அவர்கள் ஆட்சேபிக்கலாம். இதில் கௌரவமும் இருக்கிறது, மாணவர் எண்ணிக்கையும் இருக்கிறது.

சுருக்கமாக: மாநிலச் சட்டம் அனுமதி தருகிறது, அங்கீகார அமைப்பு தகுதியைச் சரிபார்க்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் இளநிலைப் பட்டம். பெயர் இதற்குள் இன்னும் வரவே இல்லை.

இப்போது பெயருக்கு வருவோம்

புளோரிடா சட்டம் பெயரைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. இளநிலைப் பட்டம் தர அனுமதியும், அந்த நிலைக்கான அங்கீகாரமும் பெற்ற கல்லூரி, தன் டிரஸ்டிகள் குழுவின் ஒப்புதலோடு 'காலேஜ்' அல்லது 'ஸ்டேட் காலேஜ்' என்று பெயரை மாற்றிக்கொள்ளலாம். பிறகு அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் அந்தப் புதுப் பெயரைச் சட்டத்திலேயே எழுதிச் சேர்க்கக் கோர வேண்டும், ஏனென்றால் மாநிலத்தின் 28 கல்லூரிகளின் பெயர்களும் சட்டப் புத்தகத்தில் பட்டியலாகவே இருக்கின்றன. மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும் என்று இல்லை. வாட்ஸ்அப் மூன்றாவது பதிலுக்கு இதுதான் மறுப்பு.

சரி, அனுமதி வந்த பிறகு ஏன் அந்த ஒரு சொல்லைக் கழற்ற இவ்வளவு ஆர்வம்? பட்டதாரியின் பக்கத்திலிருந்து பாருங்கள். நாலு வருஷம் படித்து பேச்சலர்ஸ் வாங்கிய பெண் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள், கல்லூரிப் பெயரில் 'கம்யூனிட்டி' இருக்கிறது. விண்ணப்பத்தைப் புரட்டும் ஆள் அது இரண்டு வருஷப் படிப்பு என்று நினைத்துத் தள்ளிவிட்டால்? அந்தப் பயம் நியாயமானதுதான். பெரியப்பா மாதிரி கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு இந்தச் சொல் இன்னும் குழப்பம், தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் பெரும்பாலும் டிப்ளமோ, சான்றிதழ்ப் பயிற்சி தரும் இடம் என்றுதான் நினைவுக்கு வருகிறது.

மயாமியில் இருப்பதைப் பாருங்கள். 1960-இல் டேட் கவுன்டி ஜூனியர் காலேஜ் என்று வகுப்பு தொடங்கியது, 1973-இல் மயாமி-டேட் கம்யூனிட்டி காலேஜ், இளநிலைப் பட்டத்துக்குக் கை வைத்ததும் 2003-இல் மயாமி டேட் காலேஜ். இணைய முகவரியில் எம்.டி.சி.சி. என்று இருந்தது எம்.டி.சி. ஆனது, ஒரே ஒரு 'சி' உதிர்ந்தது, அவ்வளவுதான் வெளியே தெரிந்த மாற்றம். போர்ட் மையர்ஸ் பக்கம் 1962-இல் எடிசன் ஜூனியர் காலேஜாகத் தொடங்கியது எடிசன் கம்யூனிட்டி காலேஜ், எடிசன் காலேஜ், எடிசன் ஸ்டேட் காலேஜ் என்று போய் 2014-இல் புளோரிடா சவுத்வெஸ்டர்ன் ஸ்டேட் காலேஜ் ஆகிவிட்டது. ஐம்பது சொச்சம் வருஷத்தில் ஐந்து பெயர். பழைய மாணவர் சங்கத்துக்கு பேனர் அடிக்கிறவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

'ஸ்டேட்' என்ற சொல் வேறு ஒரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது என்பது என் அபிப்பிராயம். டாலஹாசியில் ஏற்கெனவே புளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி இருக்கிறது, இப்போது அதே ஊரில் டாலஹாசி ஸ்டேட் காலேஜ். ஒன்று முனைவர் பட்டம் வரை தரும் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், மற்றது நாம் பேசிக்கொண்டிருக்கும் வகை. ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றைப் பெற்றெடுத்திருக்கிறார்கள்.

அப்போது அது யுனிவர்சிட்டிதானே?

இல்லை. புளோரிடா சட்டம் இதில் கறாராக இருக்கிறது. இந்தக் கல்லூரிகள் 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லைப் பயன்படுத்தவே கூடாது. முதுநிலைப் பட்டம் தரக் கூடாது. இளநிலை வந்துவிட்டது என்பதற்காக அசோசியேட் படிப்புகளை மூடக் கூடாது. அசோசியேட் படிப்புக்குத் திறந்த கதவும் திறந்தபடியே இருக்க வேண்டும். விளையாட்டில்கூட இரண்டு வருஷக் கல்லூரிகளின் நிலைக்கு மேல் போட்டியிடக் கூடாது!

இவ்வளவு பூட்டு எதற்கு? மாடி கட்டுகிற ஆசையில் தரைத்தளத்தை மறந்துவிடுவார்கள் என்ற பயம். இளநிலை மாணவர்மீது கவனம் போகப் போக, ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசும் புதுக் குடியேறியையும், இரவு வேலை முடித்து வகுப்புக்கு வரும் ஆளையும் கவனிக்க ஆள் இருக்காது என்கிறார்கள். இந்தச் சண்டை அரசியலுக்கும் போனது. 2017-இல் புளோரிடா சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, கல்லூரிகளின் இளநிலைப் படிப்பு வளர்ச்சிக்கு வரம்பு கட்டுவதோடு, மாநிலக் கல்லூரி அமைப்பின் பெயரில் 'கம்யூனிட்டி' என்ற சொல்லைத் திரும்பவும் சேர்ப்பது அதன் நோக்கம். ஆளுநர் ரிக் ஸ்காட் அதை வீட்டோ செய்துவிட்டார். இதே ஸ்காட்தான் 2012-இல், மொத்தச் செலவு 10,000 டாலருக்குள் ஒரு இளநிலைப் பட்டம் தர முடியுமா என்று இந்தக் கல்லூரிகளுக்குச் சவால் விட்டவர். இளநிலைப் பட்டம் தந்துகொண்டிருந்த 23 கல்லூரிகளும் சரி என்றன.

இன்னொரு தகவலையும் சொல்லிவிடுகிறேன், வேறு மாநிலத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜ் உண்மையாகவே யுனிவர்சிட்டி ஆன கதையும் உண்டு. யூட்டா வேலி கம்யூனிட்டி காலேஜ் 1993-இல் யூட்டா வேலி ஸ்டேட் காலேஜ், 2008-இல் யூட்டா வேலி யுனிவர்சிட்டி. ஆகவே வாட்ஸ்அப்பில் முதல் பதில் சொன்ன மாமா மொத்தமாகக் கற்பனை செய்யவில்லை, மாநிலத்தை மாற்றிவிட்டார், அவ்வளவுதான்.

பெயரில் இல்லை, படிப்பில் இருக்கிறது

எதிர்ப்பக்க உதாரணங்களும் ஏராளம். கலிபோர்னியாவில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் குப்பர்டினோவில் டி ஆன்சா காலேஜ் இருக்கிறது, பக்கத்தில் ஃபுட்ஹில் காலேஜ். இரண்டும் கம்யூனிட்டி காலேஜ்கள்தான், ஆனால் பெயரில் அந்தச் சொல் இல்லை. அந்த மாநிலம் 2014-இல் 15 கல்லூரிகள் வரை சோதனை முறையில் இளநிலைப் பட்டம் தரலாம் என்றது, ஃபுட்ஹில் பல் சுகாதாரப் படிப்பில் இறங்கியது. 2021-இல் அதை நிரந்தரச் சட்டமாக்கினார்கள். பெயரில் கழற்ற எதுவும் இல்லாததால் போர்டு மாறவில்லை, படிப்பு மாறியது. மிச்சிகனில் 2012 சட்டம் சமையற்கலை, கடல்சார் தொழில்நுட்பம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய துறைகளுக்கு மட்டும் அனுமதி தந்தது, அடுத்த வருஷமே ஜாக்சன் கம்யூனிட்டி காலேஜ் ஜாக்சன் காலேஜ் ஆனது. நூற்றாண்டு கடந்த ஜோலியட்டோ இன்றைக்கும் ஜூனியர் காலேஜ் என்றே இருக்கிறது, 'கம்யூனிட்டி'க்குக்கூட மாறவில்லை.

சுருக்கமாக: இளநிலைப் பட்டம் தந்தும் பெயர் மாறாத கல்லூரி உண்டு, மாறிய கல்லூரி உண்டு. பெயர் மாறினாலும் பெரும்பாலான மாணவர்கள் அசோசியேட் படிப்பில்தான் இருப்பார்கள், இளநிலைப் பட்டம் சில பாடங்களில் மட்டும் இருக்கும்.

பழைய சர்ட்டிபிகேட் என்ன ஆகும்

பெரியப்பாவின் உண்மையான கவலை இதுதான் என்று பாதிப் பேச்சில்தான் எனக்குப் புரிந்தது. முன்னால் படித்த பெண்ணின் சான்றிதழில் ஒரு பெயர், பாப்பாவுக்கு வேறு பெயர், நாளைக்கு யாராவது கேட்டால்? பயப்பட ஒன்றும் இல்லை. கல்லூரி புதிதாகப் பிறக்கவில்லை, பெயர் மட்டும் மாறியது. கல்யாணமான பிறகு பெயரை மாற்றிக்கொண்ட பெண்ணின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் செல்லாமல் போய்விடுமா? அதே கதைதான்.

நம் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு கல்லூரியில் சேர்ந்தால் பார்க்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று, அந்தக் கல்லூரிக்கு எந்த நிலை வரை அங்கீகாரம் இருக்கிறது என்று அங்கீகார அமைப்பின் பட்டியலில் பார்ப்பது. இன்னொன்று, பிள்ளை சேர்ந்திருக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்பு அசோசியேட்டா, பேச்சலர்ஸா என்று பார்ப்பது, ஏனென்றால் ஒரே கல்லூரி ஒரே நர்சிங்கில் இரண்டையும் வைத்திருக்கும். பாப்பா சேர்ந்திருப்பது முதலில் அசோசியேட். அதை முடித்து உரிமத் தேர்வு எழுதினால் பதிவு பெற்ற நர்ஸாக வேலைக்குச் சேரலாம், வேலை பார்த்துக்கொண்டே அங்கேயே மேலே இரண்டு வருஷத்தைத் தொடர்ந்தால் பி.எஸ்.என்., அதாவது நர்சிங்கில் இளநிலைப் பட்டம்.

இதெல்லாம் சொல்லி முடித்தபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் கேட்டார்: "அப்ப நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில எந்தப் பேரைப் போடுறது?"

"பத்திரிகையில யாரு பெரியப்பா காலேஜ் பேரைப் போடுறா? பி.எஸ்.என்., யு.எஸ்.ஏ.ன்னுதானே போடுவீங்க."

"ஆமால்ல," என்றார், போனை வைத்துவிட்டார்.